மஞ்சள் சட்டைக்காரர்

அன்றைக்கு எங்கள் தெரு மாதா கெபிக்கு முன்னால் கூடியிருந்தவர்கள் நான்கு பேர். பூட்டுப்பட்டறையில் அரம் பிடிக்கும் ஆரோக்கியம், சைக்கிள் கடை முத்துப்பாண்டி, தெரு இளைஞர் மன்றத்தின் செயலாளர் என்ற பெயரில் நோட்டு எழுதும் நான், நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்த கடற்படைக்காரரான அவர். வராதவர் அவருடைய மனைவி. தொடக்கப்பள்ளியில் வேலை பார்த்ததால் தெருவே டீச்சர் என்றுதான் கூப்பிடும். தலைவலி என்று சொல்லி அனுப்பியிருந்தார். கணவர் முன்னின்று நடத்தும் காரியம் எதுவானாலும் டீச்சருக்குத் தலைவலி வந்துவிடும் என்பதை அப்போது நாங்கள் கவனித்திருக்கவில்லை.

கார்கில் சண்டை முடிந்த வருஷத்து டிசம்பர். திண்டுக்கல்லில் எங்கள் பங்குக் கோயிலுக்கு உட்பட்ட தெருக்கள் எல்லாம் கிறிஸ்துமஸ் குடில் போடும். சிறந்த குடிலுக்குப் பரிசு உண்டு. இதில் இன்னொரு வழக்கமும் இருந்தது. பங்குக் கோயிலில் பழைய பாலன் இயேசு சுரூபம் ஒன்று, பீங்கானில் செய்தது, எப்போதோ கப்பலில் வந்தது என்பார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டு எந்தத் தெருப் பெயர் வருகிறதோ அந்தத் தெருக் குடிலுக்கு அந்தப் பாலன் போவார். அந்த வருஷம் எங்கள் தெரு வந்தது. சுரூபத்தை வாங்கும்போது பதிவேட்டில் ஒருவர் கையெழுத்துப் போட வேண்டும். ஆரோக்கியம் என்னைத் தள்ளிவிட்டான். வெங்காயப் பேட்டையில் மூட்டை தூக்கும் அப்பாவுக்குப் பிறந்து பி.ஏ. முடித்திருந்த எனக்குக் கையெழுத்துப் போடுவதில் ஒரு பெருமை இருந்தது. அதோடு ஒரு ஆசையும். பங்குப் பள்ளியில் எழுத்தர் வேலை ஒன்று காலி. விண்ணப்பம் கொடுத்திருந்தேன். முடிவு செய்கிறவர் பங்குச்சாமியார். அவர் கண்ணில் பொறுப்புள்ளவனாகத் தெரிய இதைவிட நல்ல வாய்ப்பு வராது என்று நினைத்தேன்.

வழக்கமான குகைதான் போடுவதாக இருந்தோம். சாக்குத் தாள், வைக்கோல், முளைப்பயிறு. நாற்காலியில் இருந்த அவர் கையை உயர்த்தி எங்களை நிறுத்தினார்.

“குகை, வைக்கோலு, ஆட்டுக்குட்டி. இன்னும் எத்தன வருசத்துக்குடா? விமானந்தாங்கிக் கப்பல் செய்வோம்.”

“பாலன் எங்கண்ணே பிறப்பாரு, தண்ணிக்குள்ளயா?” என்றான் முத்துப்பாண்டி.

“ஹேங்கர்ல. கப்பலு வயித்துக்குள்ள ஏரோப்ளேன் நிறுத்துற கொட்டகை. சத்திரத்துல எடமில்லாமத்தான கொட்டகைக்குப் போனாங்க? அங்கருந்து லிப்ட்ல பாலன் மேல்தளத்துக்கு ஏறி வருவாரு.”

சண்டை முடிந்த சூடு ஊரில் இன்னும் ஆறவில்லை. தீர்மானம் ஒருமனதாக நிறைவேறியது என்று எழுதினேன்.

அவர் பதினைந்து வருஷம் கடற்படையில் இருந்து ஓய்வூதியத்தோடு ஊர் திரும்பியவர். அதில் பெரும்பகுதி நாட்டின் பழைய விமானந்தாங்கிக் கப்பலில். அவர் வந்த சில வருஷங்களில் அந்தக் கப்பலுக்கும் ஓய்வு கொடுத்துவிட்டார்கள். கப்பலின் மேல்தளத்தில் ஆளுக்கு ஒரு நிறத்தில் சட்டை. குண்டு ஏற்றுகிறவருக்கு ஒரு நிறம், எண்ணெய் நிரப்புகிறவருக்கு ஒரு நிறம், விமானத்தைத் தள்ளுகிறவருக்கு ஒரு நிறம். அந்த இரைச்சலில் பேச்சு கேட்காது. சட்டையைப் பார்த்துத்தான் யார் எதற்கு என்று தெரியும். அவர் மஞ்சள் சட்டை. விமானம் எங்கே நகர வேண்டும், எங்கே நிற்க வேண்டும் என்று கைகளால் காட்டுகிறவர். எதையும் தூக்க மாட்டார், தள்ள மாட்டார். காட்டுவார்.

ஊருக்கு வந்த பிறகும் அதையேதான் செய்தார்.

எங்கள் தெருவில் நகராட்சித் தண்ணீர் எட்டு நாளைக்கு ஒரு முறை வரும். டீச்சர் இடுப்பில் ஒரு குடமும் கையில் ஒரு வாளியுமாக மாடிப்படி ஏறுவார். அவர் முன்னால், முகத்தை மனைவி பக்கம் வைத்துக்கொண்டு, பின்னோக்கி ஏறுவார். இரண்டு உள்ளங்கைகளும் முன்னும் பின்னும் அசையும். வா, வா, கொஞ்சம் இடது, நில். நான் முதல் தடவை பார்த்தபோது விளையாட்டு என்று நினைத்துச் சிரித்துவிட்டேன். டீச்சர் சிரிக்கவில்லை. குடத்தை இறக்கிவிட்டு, அடுத்த நடைக்குக் கீழே போனார். அவர் படி உச்சியில் தயாராகக் காத்திருந்தார்.

முன்னாள் ராணுவத்தினருக்கான இடத்தில் ஒரு வங்கியில் காவலர் வேலை கிடைத்தது. நான்கு மாதம் போனார். ஒரு நாள் மேலாளர் நாணயப் பெட்டி ஒன்றின் மறுமுனையைப் பிடிக்கச் சொல்லியிருக்கிறார். அது தன் டிரேடு இல்லை என்று சொல்லி அன்றே வந்துவிட்டார். அதற்குப் பிறகு ஓய்வூதியமும் டீச்சர் சம்பளமும்தான் வீட்டை ஓட்டின. டீச்சர் சம்பளம் என்று முதலில் எழுதியிருக்க வேண்டும்.

கப்பலின் தளத்தில் ஒரு திருகாணி கிடந்தால்கூட ஜெட் எஞ்சின் அதை உறிஞ்சிச் சிதறிவிடுமாம். அதனால் விமானம் கிளம்பும் முன் எல்லோரும் வரிசையாகக் குனிந்து நடந்து தரையைப் பொறுக்குவார்களாம். பூட்டுப்பட்டறைகள் உள்ள எங்கள் தெருவில் ஆணியும் தகரத் துண்டும் கிடக்காத நாளில்லை. அவர் கண்ணில் ஒரு ஆணி பட்டுவிட்டால் அதன் அருகே நின்றுவிடுவார். யாராவது வந்து எடுக்கும்வரை நிற்பார். வருகிறவருக்கு விரலால் காட்டுவார். ஒரு முறை அரை மணி நேரம் வெயிலில் நின்றதை நானே பார்த்திருக்கிறேன். குனிந்து எடுத்தால் ஒரு விநாடி. பள்ளிக்குப் போகும் அவசரத்தில் வந்த டீச்சர்தான் கடைசியில் குனிந்தார்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். பேட்டைக்கு வந்த வெங்காய லாரி ஒன்று வழி தவறி எங்கள் சந்துக்குள் நுழைந்துவிட்டது. பின்னால் எடுக்க முடியவில்லை. ஒருபுறம் மின்கம்பம், மறுபுறம் சாக்கடை. கிளீனரும் தெருவும் சேர்ந்து ஆளுக்கொரு திசையில் கத்திக்கொண்டிருந்தார்கள். அவர் வந்து லாரிக்கு முன்னால் ஓட்டுநர் கண்ணில் படும்படி நின்றார். கைகளை உயர்த்தினார். தெரு பேச்சை நிறுத்தியது. பத்து நிமிடத்தில், கம்பத்துக்கும் லாரிக்கும் ஒரு சாண் விட்டு, வண்டி வெளியே போய்விட்டது. “கைன்னா அது கை” என்று அப்பா அன்று இரவு சோற்றுக்கு முன்னால் உட்கார்ந்து சொன்னார். அந்தக் கைக்கு அதற்குப் பிறகு தெரு அடிமையாகிவிட்டது. கல்யாணத்துக்குப் பந்தல் போட்டால் அவர், சவப்பெட்டி வாசல் தாண்டினால் அவர். தூக்குகிறவர்கள் வியர்ப்பார்கள். காரியம் முடிந்ததும் அவர் துண்டால் தன் நெற்றியைத் துடைத்துக்கொள்வார்.

பொய்யராக இருந்திருந்தால் எனக்கு எளிதாக இருந்திருக்கும். டீக்கடையில் அவர் சொன்ன ஒவ்வொன்றையும் நான் மாவட்ட நூலகத்தில் தேடிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தது. கப்பல் எழுநூறு அடி நீளம் என்றார், சரி. விமானம் இறங்கும்போது அதன் வாலுக்கடியில் உள்ள கொக்கி, தளத்தின் குறுக்கே கட்டிய எஃகுக் கம்பியில் மாட்டி அதை இழுத்து நிறுத்தும் என்றார்; சரி. “மஞ்சுவிரட்டுன்னு சொல்லுங்க” என்றான் ஆரோக்கியம். கம்பியைத் தவற விட்டால் விமானி திரும்ப மேலே பறந்துவிட வேண்டும். அதற்காகத்தான் இறங்கும் பாதையைக் கப்பலின் நீளத்துக்கு நேராகப் போடாமல் சாய்த்துப் போட்டிருக்கிறார்கள், முன்னால் நிற்கும் விமானங்கள் மேல் மோதாமல் இருக்க. கிளம்பும்போது கப்பலே காற்றுக்கு எதிராகத் திரும்பி ஓடும், இறக்கைக்கு இலவசமாகக் காற்று கிடைக்கும் என்றார். முதலில் நீராவியால் விமானத்தைக் கவண் கல் போல எறிந்துகொண்டிருந்தார்கள். பிறகு தளத்தின் முனையை மேல்நோக்கி வளைத்துவிட்டு, செங்குத்தாக இறங்கும் விமானங்களைக் கொண்டுவந்தார்கள். இரண்டையும் அவர் பார்த்திருக்கிறார். கோபுரம் ஏன் நடுவில் இல்லாமல் வலது ஓரத்தில் இருக்கிறது என்று கேட்டேன். ஓடுபாதை வேண்டாமா என்று திருப்பிக் கேட்டார். ஆபத்தில் விமானி கை பெரும்பாலும் இடது பக்கம்தான் திருப்பும், அதனால் வலது ஓரம் என்றும் சேர்த்துச் சொன்னார். அதுவும் புத்தகத்தில் இருந்தது.

“இம்புட்டு பெரிய கப்பல்ல பதினஞ்சு வருசம் இருந்திருக்கீங்க. நீங்க கையால தொட்ட சாமான் ஏதாச்சும் உண்டாண்ணே?” என்று முத்துப்பாண்டி ஒரு நாள் கேட்டேவிட்டான்.

“சாப்பாட்டுத் தட்டு” என்றார். முகத்தில் சிரிப்பு இல்லை. அவர் பெருமையாகத்தான் சொல்கிறார் என்று புரிய எங்களுக்குச் சற்று நேரம் ஆயிற்று.

அப்படிப்பட்டவர் சொல்லி நாங்கள் கப்பல் கட்டினோம். இருபத்திரண்டு நாள். பட்டறை விட்டு ஆரோக்கியம் வருவான். கடை அடைத்துவிட்டு முத்துப்பாண்டி வருவான். நான் பகல் முழுக்க அங்கேயே. சமையல்காரரிடம் வாங்கிய பெஞ்சுகள் மேல் இருபத்து நான்கு அடிக்கு ஒட்டுப்பலகைத் தளம். பக்கங்களுக்குத் தகரம். வலது ஓரத்தில் கோபுரம், உச்சியில் வால் நட்சத்திரம். முனையை வளைக்க ஆரோக்கியம் இரண்டு நாள் தகரத்தோடு மல்லுக்கட்டி உள்ளங்கையைக் கிழித்துக்கொண்டான். அவர் டேபிள் டென்னிஸ் மட்டைகள் இரண்டுக்கு மஞ்சள் பெயின்ட் அடிக்கச் சொன்னார். அடித்ததும் நான்தான். மட்டையை வாங்கிக்கொண்டு எதிரே நின்று காட்டுவார், நாங்கள் பலகையைத் தூக்கி நகர்த்துவோம். தோளில் பாரம் அழுத்த, பலகையைப் பார்க்காமல் அவர் மட்டையைப் பார்த்தே நடந்து பழகினோம். அதுதான் நாங்கள் கற்றுக்கொண்ட ஒரே கப்பல் வேலை.

லிப்ட் முத்துப்பாண்டியின் கைவரிசை. இரண்டடிச் சதுரப் பலகை, நான்கு மூலைக்கும் சைக்கிள் செயின், ஒரு பெடல். அவன் தளத்துக்கடியில் துணி மறைவில் உட்கார்ந்து பெடலைச் சுற்றினால் பலகை மெல்ல ஏறும். அவனுக்கு மேலே நடப்பது தெரியாது. அதனால் மேலே அவர் காட்டுவதைப் பக்கத்தில் நிற்கும் ஆரோக்கியம் பார்த்துக் கீழே சொல்ல வேண்டும் என்று ஏற்பாடு. பலகையின் ஓரங்கள் தளத்தின் துவாரத்தில் மயிரிழை இடைவெளியில் உட்கார வேண்டும் என்றார் அவர். நிஜக் கப்பலில் லிப்ட் ஏறி நின்றால் கோடுகூடத் தெரியாதாம். அரை அங்குலம் விடுவோமே என்று முத்துப்பாண்டி கெஞ்சினான்.

“அரை அங்குலம் விட்டா அது லிப்ட் இல்லடா, கெணத்து வாளி.”

நடுவர்கள் வர இரண்டு நாள் இருக்கும்போது மழை பிடித்துக்கொண்டது. தார்ப்பாய் போட்டு மூடினோம். ஒட்டுப்பலகை உப்பியிருக்குமோ என்று எனக்குச் சந்தேகம். சொன்னேன். காலி லிப்ட்டை ஏற்றி இறக்கிக் காட்டச் சொன்னார். ஒரு இடத்தில் லேசாக உரசியது, ஏறிவிட்டது. போதும் என்று மட்டையைத் தாழ்த்தினார். பங்குச்சாமியார் முன்னால் நன்றாக நடக்க வேண்டுமே என்ற பயம் இருந்தும், இன்னொரு முறை பார்க்கலாம் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவருக்கு எல்லாம் தெரியும் என்று நூலகம்தான் எனக்குச் சொல்லியிருந்ததே.

போட்டி நாள் மாலை ஆறு மணிக்குப் பங்குச்சாமியாரும் நடுவர்கள் இரண்டு பேரும் வந்தார்கள். பக்கத்துத் தெருக்காரர்கள், தாடிக்கொம்பிலிருந்து வந்த விருந்தாளிகள் என்று கூட்டம். நான் மைக்கில் வாசிக்க எழுதி வைத்திருந்தேன்: உலகின் மீட்பர் போர்க்கப்பலில் சமாதானமாக எழுந்தருளுகிறார் என்று தொடங்கும். லிப்ட்டுக்குப் பக்கத்தில் அவர், வெள்ளைக் கால்சட்டை, மஞ்சள் பனியன், இரண்டு கையிலும் மட்டை. சாமியார் தளத்தை உற்றுப் பார்த்து என்னிடம் தலையை ஆட்டினார். வேலை கிடைத்துவிட்டது என்று அந்த நொடியில் நம்பினேன்.

மட்டைகள் உயர்ந்தன. ஆரோக்கியம் கீழே குனிந்து சொன்னான். செயின் உரசும் சத்தத்தோடு பாலனின் தலை தளத்துக்கு மேலே வந்தது. கூட்டம் மூச்சை இழுத்தது. தோள் வந்தது, கைகள் வந்தன. அங்கே பலகையின் ஒரு மூலை துவாரத்தில் இறுகிக்கொண்டது.

கீழே இருந்த முத்துப்பாண்டிக்குப் பெடல் கெட்டியானது மட்டும்தான் தெரிந்தது. துருப்பிடித்த சைக்கிளில் செய்வதைச் செய்தான்: இன்னும் ஒரு அழுத்து. மூன்று மூலை ஏறியது, ஒரு மூலை ஏறவில்லை. பலகை சாய்ந்தது. அவர் மட்டைகளைத் தலைக்கு மேலே தூக்கிக் குறுக்காக வைத்தார். நில் என்பதற்கான சைகை. அதைவிடத் துல்லியமாக ஒருவர் அதைச் செய்ய முடியாது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஆரோக்கியமும் அதைத்தான் பார்த்துக்கொண்டிருந்தான். இருபத்திரண்டு நாள் பழக்கம். பாலன் அவருடைய முழங்கைக்குக் கீழே, ஒரு முழத் தூரத்தில், மெதுவாக, மிக மெதுவாக, வைக்கோல் மீது நழுவி வந்தார். ஒரு மட்டையைக் கீழே போட்டிருந்தால் போதும். போடவில்லை. சுரூபம் தளத்தின் விளிம்பைத் தாண்டி சிமெண்டுத் தரையில் விழுந்தது. டம்ளர் உடைவது போலச் சின்னச் சத்தம்தான்.

“என்னடா ஆச்சு மேல?” என்று துணிக்கடியிலிருந்து முத்துப்பாண்டி கேட்டான். அவர் இன்னும் கைகளைக் குறுக்காகவே வைத்திருந்தார்.

பிறகு மட்டைகளை இறக்கிச் சாமியாரிடம் வந்தார். “சிக்னல் கரெக்டா குடுத்தேன் ஃபாதர். நீங்களே பாத்தீங்க.”

“பாத்தேன்” என்றார் சாமியார். “உங்க கைக்கும் பாலனுக்கும் நடுவுல எம்புட்டு தூரம் இருந்துச்சுன்னும் பாத்தேன்.”

அவருக்கு அது புரிந்ததாகத் தெரியவில்லை. சாமியார் என் பக்கம் திரும்பினார்.

“ரிஜிஸ்டர்ல கையெழுத்து உன்னதுதானப்பா?”

“ஆமா ஃபாதர்.”

சாமியார் நடுவர்களோடு அடுத்த தெருவுக்குப் போய்விட்டார். கூட்டமும் அவர்களோடு போயிற்று. தலைவலியோடு டீச்சர் விளக்குமாறும் முறமும் எடுத்துக்கொண்டு வந்தார். யார் போய்ச் சொன்னார்களோ. குனிந்து ஒவ்வொரு சில்லாகப் பொறுக்கினார். அவர் பக்கத்தில் நின்று காட்டினார். அங்க ஒண்ணு. பெஞ்சுக்கடியில ஒண்ணு. டீச்சர் நிமிரவே இல்லை.

மறுநாள் நான் அவர் வீட்டுக்குப் போனேன். சண்டை போடத்தான் போனேன். வாசலில் நின்றபடி, ஏன் கையை நீட்டவில்லை என்று மட்டும் கேட்டேன். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். பாடம் சொல்வது போலப் பொறுமையாகச் சொன்னார்.

“மஞ்ச சட்டைக்காரன் தொடக் கூடாது தம்பி. தொட்டா அவன் கண்ணு தொட்ட எடத்துக்குப் போயிரும். மத்ததை யாரு பாக்குறது? ஒருத்தன் எறக்கையப் புடிக்கப் போனான். பின்னால வந்த எஞ்சினைப் பாக்கல. எங்க கண்ணு முன்னால. அதோட நான் எதையும் தொட்டதில்ல.”

திரும்பி நடக்கும்போது எனக்கு ஒரு கணம் இரக்கம் வரப் பார்த்தது. மாடிப்படியில் டீச்சர் வாளியோடு ஏறிக்கொண்டிருந்தார். வந்த இரக்கம் போய்விட்டது. அந்தக் கப்பலில் ஆயிரம் பேர் இருந்தார்கள். ஒருவன் தொடாமல் நின்றால் தொடுவதற்கு வேறு நிறச் சட்டைகள் இருந்தன. அவர் வீட்டில் இருந்தது இரண்டு பேர்.

எழுத்தர் வேலை ஜனவரியில் வடமதுரைப் பக்கத்துப் பையன் ஒருவனுக்குப் போயிற்று. சாமியார் காரணம் சொல்லவில்லை. எனக்கு வேறு வேலை கிடைக்க ஒன்றரை வருஷம் ஆனது. அதுவரை அப்பாவோடு பேட்டையில் மூட்டைக் கணக்கு எழுதினேன். ஆள் குறைந்த நாட்களில் மூட்டையும் தூக்கினேன்.

பிந்தைய வருஷங்களில், ருஷ்யாவிலிருந்து பழைய விமானந்தாங்கிக் கப்பல் ஒன்றை வாங்கப் போகிறார்கள் என்று செய்தி வந்தபோது, பஸ் நிலையத்து டீக்கடையில் அவரைப் பார்த்தேன். அதன் தளத்தை எப்படி மாற்ற வேண்டும், கம்பிகள் எங்கே வர வேண்டும் என்று நான்கைந்து பேருக்குக் கையால் காட்டிக்கொண்டிருந்தார். எல்லாம் சரியாகத்தான் இருந்திருக்கும். இந்த முறை நூலகத்துக்குப் போகவில்லை.

அந்தக் கிறிஸ்துமஸ் முடிந்ததும், உடைந்த சுரூபத்துக்கு ஈடு கொடுக்கக் கூட்டிய கூட்டத்துக்கு அவர் வந்திருந்தார். யார் எவ்வளவு போட வேண்டும் என்று அவரே நான்கு பங்காகப் பிரித்தார். விரல் ஆரோக்கியத்தைக் காட்டியது, முத்துப்பாண்டியைக் காட்டியது, என்னைக் காட்டியது, பிறகு மடங்கிக்கொண்டது. ஆரோக்கியம் பட்டறையில் முன்பணம் வாங்கினான். முத்துப்பாண்டி கடையில் வாடகைக்கு விட்டுக்கொண்டிருந்த சைக்கிள்களில் இரண்டை விற்றான். என் பங்கை அப்பா மடியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். நான்காவது பங்கை, யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று, டீச்சர் பள்ளிக்குப் போகும் வழியில் என்னிடம் கொண்டுவந்து தந்தார். தூத்துக்குடியிலிருந்து புதுச் சுரூபம், வைக்கோல் சுற்றிய மரப்பெட்டி, இரண்டு பேர் போய்வந்த பஸ் செலவு, எல்லாம் சேர்த்து நாலாயிரத்து நூற்றுப் பத்து ரூபாய்.